மூன்றாம் நாள் ஒழுகும் ஏசி

அத்தியாயம் 4

என் பெயர் தியாகராசன். தஞ்சாவூர் கீழவாசலில் 'கழுகுக்கண் துப்பறியும் நிலையம்' என்று ஒரு போர்டு தொங்குகிறதே, அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் நான்தான். மாதத்துக்கு இரண்டு பேராவது கண்புரைக்குச் சொட்டு மருந்து கேட்டு மாடியேறி வருகிறார்கள். துப்பறியச் சொல்லி வருகிறவர்கள் அதைவிடக் குறைவு. போன மாதம் ஒரு பெண் வீட்டார் மாப்பிள்ளையின் நடத்தையை விசாரிக்கச் சொன்னார்கள். திருவையாற்றில் மூன்று நாள் வெயிலில் பின்தொடர்ந்து, பையன் சொக்கத் தங்கம் என்று அறிக்கை கொடுத்தேன். நான் பின்தொடர்ந்தது மாப்பிள்ளையின் எதிர்வீட்டுக்காரனை.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

என் உதவியாளர் கலைமகளுக்கு நாற்பத்தாறு வயது. பத்திரப் பதிவு அலுவலக வாசலில் இருபது வருஷம் டைப் அடித்தவர். ஒரு பத்திரத்தை மேலோட்டமாகப் பார்த்தே, அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். என்னிடம் ஏன் வேலைக்குச் சேர்ந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மூட்டு பிடித்துக்கொள்கிறது, இங்கேயும் சும்மாதான் உட்காருகிறேன், ஆனால் மாடிப்படி ஏறி இறங்குகிறேன் என்றார்.

மே மாதம், சனிக்கிழமை, காலை பதினொரு மணி. படியேறி ஒரு பெண் வந்தாள். பழக்க தோஷத்தில் முதலில் அவள் கண்ணைப் பார்த்தேன். புரை இல்லை. தோளில் இருந்த கனமான பையை என் மேசை மேல் வைத்தாள். உள்ளே ஸ்பேனர்கள் உருளும் சத்தம் கேட்டது.

பெயர் ஜஸீலா. ஐடிஐயில் குளிர்சாதனப் பிரிவு படித்துவிட்டு, நகரத்தில் ஓர் ஏசி சர்வீஸ் சென்டரில் மெக்கானிக்காக இருக்கிறாள். பதினொரு மெக்கானிக்குகளில் அவள் ஒருத்திதான் பெண். வலங்கைமான் பக்கத்தில் ஒரு வீட்டில், மாடி அறை ஏசியிலிருந்து உள்பக்கமாகத் தண்ணீர் ஒழுகுகிறது. இவள் போய்ச் சரி செய்கிறாள். சரியாக மூன்றாம் நாள் மறுபடி ஒழுகுகிறது. இருபது நாளில் ஐந்து தடவை இப்படி. இவள் மறுபடி மறுபடி வருவதற்காக வேண்டுமென்றே பழுது பண்ணுகிறாள் என்று வீட்டுக்காரர் புகார் எழுதிவிட்டார். இன்று மாலை ஐந்து மணிக்குள் உண்மைக் காரணத்தை நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் அடையாள அட்டையையும் பையையும் ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"வேலை போனா வேற எடம் பாத்துக்குவேன் சார். ஆனா 'பொம்பளையை அனுப்பினா இப்படித்தான்'னு பேரு நின்னுரும். எனக்குப் பின்னாடி நாலு பொண்ணுங்க இதே டிரேடு எடுத்துப் படிக்குதுங்க."

கவலைப்பட வேண்டாம், ஏசி விவகாரம் எல்லாம் எனக்கு அத்துப்படி என்றேன்.

"சார் ரூம்ல டேபிள் ஃபேன்தான் இருக்கு," என்றார் கலைமகள் அந்தப் பெண்ணிடம். "அதுவும் ஒரு பக்கம்தான் திரும்பும்."

புகார்க் கடிதத்தின் நகலை வாங்கிப் படித்தேன். 'மேற்படி பெண் மெக்கானிக் வந்து சென்ற பின்னரே ஒவ்வொரு முறையும் பழுது ஏற்படுவதால், இது திட்டமிட்ட செயல் என ஐயுறுகிறேன். ஆகவே அவரையோ வேறு எவரையேனுமோ அடுத்த இருபத்தைந்து நாட்களுக்கு என் இல்லத்திற்கு அனுப்ப வேண்டாம். அதுவரை மின்விசிறியில் சமாளித்துக்கொள்வோம்.' மூன்று தடவை படித்துவிட்டுக் கண்ணை மூடி யோசித்தேன்.

"இதை எழுதினவர் ஓர் ஆசிரியர்," என்றேன். "ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை."

கலைமகள் கடிதத்தின் அடியைத் தொட்டுக் காட்டினார். அரசப்பன், ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர் என்று அங்கே எழுதியே இருந்தது.

ஜஸீலா அவளுடைய ஸ்கூட்டரில் முன்னால் போனாள். எங்கள் வண்டியைக் கலைமகள் ஓட்டுவார், நான் பின்னால் உட்கார்ந்து சிந்திப்பேன். பாபநாசம் தாண்டி ஒரு நுங்கு வண்டியைப் பார்த்ததும் என் சிந்தனை நின்றது. நுங்கு தின்றபடி, ஏசி ஒழுகுவதற்கு எத்தனை காரணம் இருக்கலாம் என்று ஜஸீலாவைக் கேட்டுக்கொண்டேன். ஃபில்டரில் தூசி அடைத்தால் ஒழுகுமாம். கேஸ் குறைந்தால் உள்ளே ஐஸ் கட்டி, பிறகு உருகி ஒழுகுமாம். மாட்டிய ஆள் மட்டம் பார்க்காமல் சாய்த்து மாட்டியிருந்தாலும் ஒழுகுமாம். இந்தப் பக்கம் அறுப்பு மெஷின் ஓடுகிற மாதங்களில் வைக்கோல் தூசி வெளிப்பெட்டியில் போர்த்திக்கொண்டு ஏசி குளிராமலே போகுமாம்.

இந்த வீட்டில் அதெல்லாம் எதுவும் இல்லை. ஐந்து தடவையும் ஒரே காரணம்தான். தண்ணீர் வெளியே போகிற பைப்பின் வாயை மண் அடைத்திருந்தது. குளவி கட்டுகிற மண்கூடு. வழி அடைபட்டதால் தண்ணீர் திரும்பி அறைக்குள் கொட்டியது.

"ஊதித் தள்ளிட்டு, குளவி வராம இருக்க வாய்ல பச்சை வலை வச்சு பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிடுவேன் சார். அஞ்சு தடவையும் கட்டினேன். அடுத்த தடவை போறப்ப வலை இருக்காது. நீ கட்டவே இல்லன்னு அவர் சொல்றார்."

போட்டோ எடுத்தாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையைக் குனிந்துகொண்டாள். அறைக்குள் இருக்கும் பெட்டியைத்தான் படம் எடுத்து அனுப்பச் சொல்லுவார்களாம், பைப்பின் வாயை யாரும் கேட்டதில்லையாம்.

ஆக, எங்களுக்குக் கிடைத்த ஒரே நூல் இதுதான்: அந்தப் பச்சை வலை எங்கே போகிறது. மணி ஒன்றரை. எங்களுக்கு மூன்றரை மணி நேரம் இருந்தது.

வலங்கைமானுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், வயலுக்கு நடுவே தனியாக நின்றது வீடு. கீழே நாலு கட்டு, மாடியில் ஒரே அறை, மீதி மொட்டை மாடி. சுற்றிலும் வயல் வெடித்துக் கிடந்தது. மேட்டூரைத் திறந்து தண்ணீர் வந்து சேர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பக்கத்து வாய்க்காலில் ஆடு படுத்துக் கிடந்தது.

கொடியில் நாலு கறுப்புச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. திறந்த கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மறுநாள் வலங்கைமானில் மூடநம்பிக்கை ஒழிப்புக் கூட்டம், சிறப்புரை அரசப்பன். அந்த அரசப்பன் உள்ளே ஈஸிசேரில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். ஆறடி உயரம், நரைத்த மீசை. ஜஸீலாவைப் பார்த்ததும் புத்தகத்தை மூடினார். நான் துப்பறிவாளன் என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன்.

"மை போட்டுப் பாக்கறதா, வெத்தலையில பாக்கறதா?"

அறிவியல் முறைப்படி என்று சொன்னேன். கலைமகளுக்கு இருமல் வந்தது.

அவர் மனைவி காளியம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தார். ஜஸீலாவைப் பார்த்து அவருக்கு ஒரே சங்கடம். ஒவ்வொரு தடவையும் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு வரச் சொன்னது அவர்தான். வீட்டுக்காரர் புகார் எழுதியது அவருக்கு நேற்றுதான் தெரியுமாம். முழங்கால் வலியால் மாடிப் பக்கம் போயே எட்டு மாதம் ஆகிறது, மேலே என்ன நடக்கிறது என்று தனக்கு ஒன்றும் தெரியாது என்றார்.

நான் மோரைக் குடித்துக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தேன். மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர் பேட்டரி. பக்கத்தில் ஒரு வெள்ளை கேன், அதில் பாதி தண்ணீர். ஏசித் தண்ணீரைப் பிடித்துப் பேட்டரிக்கு ஊற்றுகிறார்களாம். எனக்குள் பொறி தட்டியது. எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டேன்.

கேனில் தண்ணீர் நிறைகிறது, பைப்பின் நுனி தண்ணீருக்குள் முங்குகிறது, காற்று போக வழியில்லை, ஆகவே தண்ணீர் வீட்டுக்குள் திரும்புகிறது. இதை நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நடந்துகொண்டே, ஏழு நிமிஷம் விளக்கினேன். முடிவில், குற்றவாளி இந்தக் கேன்தான் என்று அதைத் தொட்டுக் காட்டினேன். ஜஸீலா முந்தின வாரம் பத்து வீட்டில் இதே காரணத்தைப் பார்த்திருக்கிறாள் என்றுகூடச் சேர்த்துக்கொண்டேன். அவள் அப்படிச் சொல்லவே இல்லை.

மாடிக்குப் போய்ப் பார்த்தோம். பைப் அறையின் பின்சுவரிலிருந்து மொட்டை மாடிப் பக்கமாகத் தலை உயரத்தில் எட்டிப் பார்த்தது. கேன் வைக்கிற இடம் தரையில். நடுவில் ஐந்தடி இடைவெளி.

"கேன் எம்பிக் குதிச்சிருக்கும்," என்றார் கலைமகள்.

அரசப்பன் சிரிக்கவில்லை. இதுதான் அறிவியலா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார். ஜஸீலா தன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்து நான் சந்தேகப்பட்டது மருமகளை. எழில்மொழி கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார். அன்று சனிக்கிழமை விடுமுறை. நாங்கள் மாடி அறைக்குள் நுழைந்தபோது ஏசிக்கு நேர் கீழே ஒரு வாளியை வைத்துக்கொண்டிருந்தார். இன்று மூன்றாம் நாள், ராத்திரி எப்படியும் ஒழுகும் என்றார். பகலில் கல்லூரி, அதனால் ஏசி இரவில்தான் ஓடும். கணவன் பரிதி வேலைக்குப் போயிருந்தான்.

வாளியோடு இவ்வளவு நிதானமாக இருக்கிறாரே, அறை வாழ லாயக்கில்லை என்று காட்டி வேறு வீடு பார்த்துப் போகிற திட்டமோ என்று எனக்குத் தோன்றியது. நைசாக, தனிக்குடித்தனத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். கலைமகள் என் காலை மிதித்தார். மிதித்த கால் எடுக்கப்படவில்லை.

எழில்மொழி கோபித்துக்கொள்ளவில்லை.

"கல்யாணமாகி ஆறு வருஷம் ஆச்சு சார். விசேஷம் உண்டா, விசேஷம் உண்டான்னு கேட்டுக் கேட்டு ஊரே ஓஞ்சு போச்சு. எங்க மாமா ஒரு நாள் ஒரு வார்த்தை கேட்டதில்ல. அத்தை வாயெடுத்தாக்கூட தடுத்துருவார். இந்த வீட்டை விட்டு நான் எதுக்குப் போகணும்?"

கலைமகள் என் காலை விட்டார்.

மணி மூன்று. மறுபடி மொட்டை மாடிக்கு வந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு துப்பறிவாளன் தடயத்தை அருகில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் கண்ணைப் பைப்பின் வாயில் வைத்தேன். வலை இல்லை. வாயில் முக்கால் பாகம் புது மண் பூசியிருந்தது, இன்னும் ஈரம் காயவில்லை. அப்போது அந்த மண்வீட்டுச் சொந்தக்காரி திரும்பி வந்தாள். கறுப்பாய், ஒடிசலான இடுப்போடு, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, என் மூக்குக்கு நேராக. நான் பின்னால் தாவியதில் அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி மேல் விழுந்தேன். நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜஸீலா கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். கலைமகள் நாற்காலியைப் பழைய இடத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், இந்த மாடியிலேர்ந்து பாத்தா நாலு பக்கமும் வெட்டவெளி. சாயங்காலம் காத்து வாங்க ஒருத்தர் நாற்காலி போட்டா எந்தப் பக்கம் பாத்துப் போடுவார்?"

வயல் பக்கம் என்றேன்.

"இது சுவத்தைப் பாத்துல்ல போட்டிருக்கு."

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணுக்கு நேராகப் பைப்பின் வாய்தான் தெரிந்தது. வேறு எதுவும் இல்லை.

கலைமகள் அதற்குள் குளவியைக் கவனிக்க ஆரம்பித்திருந்தார். நான் ஆட்களைப் பின்தொடர்ந்து ஏமாறுகிறவன். அவர் குளவியைப் பின்தொடர்ந்தார். அது பறந்து போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கியது. ஒரு நிமிஷத்தில் வாயில் ஓர் உருண்டை மண்ணோடு திரும்பி வந்தது. மறுபடியும் தொட்டிக்குப் பின்னால் போனது. நாங்கள் மூவரும் தொட்டியைச் சுற்றிப் போய்ப் பார்த்தோம். நிழலில் ஒரு மண்தட்டு. அதில் குழைந்த வண்டல் சேறு. பக்கத்தில் ஒரு செங்கல்.

குருவிகளுக்குத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள், நல்ல மனசு என்றேன்.

"குருவிக்குத் தண்ணி வைப்பாங்க சார். சேறு கரைச்சா வைப்பாங்க?" கலைமகள் கையால் சுற்றிலும் காட்டினார். "நாலு திசையிலயும் மண்ணு வெடிச்சுக் கிடக்கு. வாய்க்கால்ல ஆடு தூங்குது. ஒரு குளவி கூடு கட்டணும்னா ஈர மண்ணுக்கு எங்க போகும்? யாரோ அதுக்குச் சித்தாள் வேலை பாக்கறாங்க."

ஜஸீலா குனிந்து செங்கல்லைத் தூக்கினாள். அடியில் அழகாக மடித்து வைத்த பச்சை வலைத் துண்டுகள். எண்ணினாள். ஐந்து. ஐந்தோடும் கத்தரித்த டேக் பத்திரமாக இருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பொய் சொல்லவில்லை அக்கா என்று கலைமகளிடம் சொன்னாள், நாங்கள் என்னவோ நம்பாதது மாதிரி.

எதையும் தூக்கிப் போடாமல் மடித்து வைக்கிற கை யாருடையது? காளியம்மாளால் படியேற முடியாது. மருமகள் தன் தலைமேல் தானே தண்ணீர் கொட்டிக்கொள்ள மாட்டார். நான் பரிதியின் மேல் ஒரு கோட்பாடு தயார் செய்துகொண்டிருந்தபோது, கலைமகள் அந்தப் புகார்க் கடிதத்தை எடுத்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

"மெக்கானிக் சரியில்லன்னா எல்லாரும் என்ன எழுதுவாங்க? வேற நல்ல ஆளை அனுப்புன்னு எழுதுவாங்க. இவர் யாரையுமே அனுப்பாதேங்கறார். மே மாசத்துல. இருபத்தஞ்சு நாள் கணக்கு வேற சொல்றார்."

நான் மூன்று தடவை படித்த வரி அது. எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன்.

பிறகு கலைமகள் குரலைத் தணித்துச் சொன்னார். குளவி ஒரு வீட்டில் கூடு கட்டினால் அந்த வீட்டில் சீக்கிரம் குழந்தை பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் யாரும் கலைக்க மாட்டார்கள். அவருடைய நாத்தனார் வீட்டில் சுவிட்ச் போர்டில் கட்டியதை ஒன்றும் செய்யாமல் மூன்று வாரம் இருட்டில் சமைத்தார்களாம். இருபத்தைந்து நாளில் குளவிக்குஞ்சு பொரித்துப் பறந்துவிடும்.

"ஆனால் அவர் கறுப்புச் சட்டை போடுகிறவர். நாளைக்குக் கூட்டத்தில் பேசப் போகிறவர்," என்றேன்.

"அதனாலதான் சார் வெளியில சொல்ல முடியல."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மூவரும் தொட்டியின் மறுபக்கம் ஒடுங்கினோம். அரசப்பன் ஏறி வந்தார். கையில் ஒரு செம்பு. நேராகத் தட்டு இருந்த பக்கம் வந்து குனிந்து, தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு விரலால் சேற்றைப் பதமாகக் குழைத்தார். எங்களை அவர் பார்க்கவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, பைப்பின் வாயையே பார்த்தார். அவ்வளவு பெரிய மனிதர் அந்த வெயிலில் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு அவரை மாட்டிவிட மனசு வரவில்லை.

இருந்தாலும் தொழில் தர்மம். கம்பீரமாக எழுந்தேன். தொட்டியின் இரும்புக் குழாயில் தலை இடித்தது. 'கையும் களவுமாக' என்று ஆரம்பித்த வசனம் 'ஐயோ அம்மா' என்று முடிந்தது.

அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார், கலைமகளைப் பார்த்தார், ஜஸீலாவின் கையில் இருந்த ஐந்து வலைகளைப் பார்த்தார். குளவி மட்டும் தன் பாட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது.

"முப்பத்திநாலு வருஷம் பிள்ளைங்களுக்குச் சயின்ஸ் சொல்லிக்குடுத்தேன்," என்றார் கடைசியில். "குளவி கட்டறதுக்கும் குழந்தை பொறக்கறதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எனக்குத் தெரியும். நாளைக்குக் கூட்டத்துலயும் அதைத்தான் பேசுவேன். ஆனா கலைக்க மனசு வரல."

ஜஸீலா ஒரு அடி முன்னால் வந்தாள். குரல் உயரவில்லை.

"கூட்டைக் கலைக்க மனசு வரல. என் பொழப்பைக் கலைக்க மட்டும் வந்துச்சா ஐயா?"

ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் வந்து ஊதித் தள்ளிவிட்டுப் போகிறாள், ஒரு இருபத்தைந்து நாள் அவள் வராமல் இருந்தால் போதும் என்றுதான் எழுதினாராம். அவளுக்கு வேலை போகும் என்று நினைத்துப் பார்க்கவில்லையாம். சொல்லும்போது அவருக்கே அது நொண்டிச் சாக்காகப் பட்டிருக்க வேண்டும், பாதியில் நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் படியின் மேல்முனையில் எழில்மொழி நிற்பதைப் பார்த்தோம். கையில் தட்டு, தட்டில் நாலு டீ. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. டீயில் ஆடை கட்டியிருந்தது.

"நீங்க ஒருத்தர்தான் மாமா கேக்காம இருந்தீங்க," என்றார். "அதை நெனச்சுத்தான் நான் இந்த வீட்ல தைரியமா நடமாடினேன். இப்ப கோவமா வருது. அழுகையும் வருது."

அரசப்பன் எழுந்தார். ஆறடி மனிதர் அந்த நிமிஷம் ஐந்தடிதான் இருந்தார்.

"கேட்டா நீ வருத்தப்படுவேன்னுதாம்மா உன்னைக் கேக்கல. கேக்காம இருக்கவும் முடியல. அதான் இதுகிட்ட வந்து உக்காந்தேன்."

மருமகள் தட்டைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதலில் ஜஸீலாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள், மற்றதை நாம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். வகுப்பில் மாணவர்களிடம் பேசுகிற குரல் அது. மணி நாலு நாற்பது.

அரசப்பன் என் போனைக் கேட்டார். நான் பையில் தடவினேன். நாற்காலி மேல் விழுந்தபோது அது மாடியிலிருந்து கீழே வாழை மரங்களுக்குள் போயிருக்கிறது. கலைமகளின் போனிலிருந்து மேனேஜரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பெண் ஐந்து தடவையும் வேலையை ஒழுங்காகத்தான் செய்தாள், வலையை ஐந்து தடவையும் கத்தரித்தவன் நான், புகார் பொய், திங்கட்கிழமை நேரில் வந்து எழுதிக் கொடுக்கிறேன் என்றார். அந்தப் பக்கம் மேனேஜர் எதற்காக ஐயா கத்தரித்தீர்கள் என்று கேட்டார். அரசப்பன் ஒரு தடவை மருமகளைப் பார்த்தார்.

"புத்தி கெட்டுப்போய்," என்றார்.

ஜஸீலா அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள் போலிருக்கிறது. அதை எடுத்து மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பிறகு பையைத் திறந்து, மண்ணை ஊதித் தள்ளுகிற கருவியை எடுத்தாள். இன்று மூன்றாம் நாள், ராத்திரி ஒழுகக் கூடாது, ஆறாவது தடவையாகத் தானே சுத்தம் செய்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். அரசப்பன் முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எழில்மொழி பைப்பின் அருகே போய் நின்றார். குளவி ஓர் உருண்டையோடு வந்து, அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தது.

"அதுவும் ஆறாவது தடவையாத்தான் கட்டுது, ஜஸீலா. இந்தத் தடவை விட்டுருங்களேன்."

தலையில் வீங்கியிருந்த இடத்தைத் தடவிக்கொண்டு, வலியால்தான் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று காட்டிக்கொண்டேன். கலைமகள் நம்பவில்லை, ஆனால் அதிசயமாக ஒன்றும் சொல்லவில்லை.

ஜஸீலா அறைக்குள் போனாள். பையில் புதுப் பைப் இருந்தது. பழைய பைப்பை உள்ளேயே கழற்றிவிட்டு, புதியதை மாட்டி, ஜன்னல் வழியாக வீட்டின் மறுபக்கம் இறக்கினாள். ஏசியை ஓட விட்டாள். பத்து நிமிஷத்தில் ஜன்னலுக்கு வெளியே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. புதுப் பைப்பின் வாயில் பச்சை வலை வைத்து டேக் போட்டு இறுக்கினாள். அதை முன்னால், பின்னால், பக்கவாட்டில், என்னை அதன் பக்கத்தில் நிற்க வைத்து என்று ஒன்பது போட்டோ எடுத்துக்கொண்டாள்.

எழில்மொழி வாளியை எடுத்து வெளியே வைத்தார். போகிற போக்கில், குஞ்சு பொரிக்க எத்தனை நாள் ஆகும் மாமா என்று கேட்டார்.

"இருபத்தஞ்சு," என்று வாத்தியார் யோசிக்காமல் சொன்னார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கிளம்பும்போது ஜஸீலா சர்வீஸ் படிவத்தை நீட்டினாள். வாடிக்கையாளர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு மேலே 'பழுதுக்கான காரணம்' என்று ஒரு கட்டம். அதை எப்போதும் மெக்கானிக்தான் நிரப்புவாளாம். அரசப்பன் பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்தைத் தானே நிரப்பிவிட்டுக் கையெழுத்திட்டார். படிவத்தை நான் வாங்கிப் படித்தேன்.

பழுதுக்கான காரணம்: அரசப்பன், ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்.

ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.